எந்தத் தாது வருஷம்? – குடும்ப வரலாறு தேடுவோர்க்குச் சில குறிப்புகள்

சென்ற ஆண்டு விழாவில் சிறுவர்க்கு நடந்த வினாவிடைப் போட்டியை அன்பர்கள் மறந்திருக்கமாட்டீர்கள். கங்கைகொண்ட சோழபுரத்தை அமைத்த மன்னன் யார் என்ற கேள்விக்குப் பத்துக் கைகள் உயர்ந்தன. நடுவராக வீற்றிருந்த பெரியவர் அடுத்து விளையாட்டாக, “உன் பாட்டனாரின் தகப்பனார் பெயர் என்ன?” என்று கேட்டார். ஒரு கையும் உயரவில்லை. பிள்ளைகளைச் சொல்வானேன்? பின்வரிசையில் நின்றிருந்த பெற்றோராகிய நாமும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். திதி கொடுக்கும் வழக்கமுள்ள வீடுகளில் மூன்று தலைமுறைப் பெயர்களை ஆண்டுக்கு ஒரு முறையேனும் சொல்லுகிறார்கள். அங்கும் பலர் புரோகிதர் கையிலுள்ள சீட்டைப் பார்த்தே சொல்லுகிறார்கள் என்பது நாம் அறிந்ததே.

நான் பட்டம் பெற்றவனல்லன். மெட்ரிகுலேஷனோடு நின்றுவிட்டு ரயில்வேயில் குமாஸ்தாவாக இருப்பவன். ஆயினும் பிறருடைய பிறந்த தேதி, தந்தை பெயர், வேலையிற் சேர்ந்த நாள் ஆகியவற்றை ஏடுகளில் எழுதியும் சரிபார்த்தும் இருபது ஆண்டுகள் கழித்திருக்கிறேன். அந்த ஒரு தகுதியைக் கொண்டே, வரலாற்று அறிஞர்களுக்குரிய இத்துறையில் புகத் துணிந்தேன். பொறுத்தருள்க.

எங்கள் வீட்டில் வழிவழியாக ஒரு கதை உண்டு. “தாது வருஷத்தில் ஊரை விட்டு வந்தோம்” என்று என் பாட்டியார் சொல்லுவார். தாது வருஷப் பஞ்சத்தைப் பற்றிக் கேள்விப்படாத தமிழர் இல்லை. 1876ஆம் ஆண்டு தொடங்கி 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிப் பல லட்சம் உயிர்களைக் கொண்டுபோன பஞ்சம் அது. ஆகவே எங்கள் முன்னோர் அப்பஞ்சத்தில் வயிறு ஒட்டி, மாயவரம் தாலூகாவிலிருந்து நடந்தும் வண்டியேறியும் கரக்பூர் வந்து சேர்ந்தவர்கள் என்றே நாங்கள் நம்பியிருந்தோம். பள்ளியில் நான் கட்டுரைகூட எழுதிப் பரிசு பெற்றேன். ரயில்வேக் குடும்பத்திற் பிறந்து ரயில்வேயிலேயே வேலையும் பார்க்கும் எனக்கு ஒரு சிறு விஷயம் நெடுங்காலம் தோன்றவில்லை. பெங்கால் நாக்பூர் ரயில்வேக் கம்பெனி உண்டானதே 1887இல். கரக்பூருக்குத் தண்டவாளம் வந்தது 1890களின் இறுதியில். 1876இல் இங்கே வந்திறங்க ஒரு மேடையும் இல்லை.

பாட்டியார் 1998இல் காலமானார். அதன்பின் பல ஆண்டுகள் கழித்து, வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது பரணிலிருந்து இறக்கிய டிரங்குப் பெட்டியில், பாட்டனார் 1975இல் ஓய்வு பெற்றபோது கொடுக்கப்பட்ட பணிச் சான்றிதழ் கிடைத்தது. அதில் வேலையிற் சேர்ந்த தேதி 1937 ஜனவரி 18 என்றிருந்தது. பழைய பஞ்சாங்கத்தைப் பார்த்தேன். பிரபவ முதல் அக்ஷய வரையுள்ள அறுபது வருஷங்களில் தாது பத்தாவது. அது 1876இலும் பிறந்தது; அறுபது வருஷம் சுழன்று 1936 சித்திரையிலும் பிறந்தது. 1937 ஜனவரி 18 என்பது அந்த இரண்டாவது தாது வருஷத்துத் தை மாதம். பாட்டியார் பொய் சொல்லவில்லை. கேட்ட நாங்கள்தாம் ஒரு சுற்று பின்னே போய்விட்டோம்.

குடும்ப வரலாறு தேடப் புகுவோர்க்கு முதற்பாடம் இதுவே என்பேன். தமிழ் வருஷப் பெயர் வந்தால் அறுபதைக் கூட்டியும் கழித்தும் பார்த்து, வேறொரு சான்றோடு பொருத்திய பிறகே ஆங்கில ஆண்டை எழுத வேண்டும். ஜாதகக் குறிப்புகளுக்கும் இது பொருந்தும்.

கடல் கடந்து போன தமிழரையும் ரயிலேறிப் போன தமிழரையும் ஒப்பிட்டுப் பார்த்தால் ஒரு வேடிக்கை தோன்றும். 1860 அக்டோபரில் சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ என்னும் கப்பல், நவம்பர் 16ஆம் நாள் தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறையை அடைந்தது. நேட்டாலுக்குச் சென்ற முதல் ஒப்பந்தக் கூலிகள் அதில் இருந்தனர். அது முதல் 1911 வரை அங்கே சென்ற ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்டவர்களுக்கு எண்ணிட்டுப் பட்டியல் எழுதினார்கள். பெயர், தந்தை பெயர், வயது, ஜில்லா, கிராமம், உடலிலுள்ள அங்க அடையாளம் ஆகியவை அப்பட்டியல்களில் உண்டு. மொரீஷியஸ் தீவில் மோகா என்னும் ஊரிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் இத்தகைய ஏடுகளைப் புகைப்படங்களோடு பாதுகாத்து வருகிறார்கள். அடிமைபோல் நடத்துவதற்காக எழுதிய பட்டியல்தான். ஆனால் இன்று அவர்களுடைய கொள்ளுப்பேரன்கள் அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு தஞ்சாவூர் ஜில்லாவிலும் வட ஆர்க்காட்டிலும் தம் ஊரைத் தேடி வருகிறார்கள். ரயிலேறி வந்த நம் முன்னோர் யாருடைய ஏட்டிலும் பதியவில்லை. கையில் ஒரு டிக்கட் இருந்தது; அதையும் இறங்கிய இடத்தில் வாசற்காரர் வாங்கிக்கொண்டார்.

நமக்குக் கப்பற் பட்டியலுக்கு ஈடாக உள்ளது சர்வீஸ் ரிஜிஸ்டர் என்னும் பணிப் பதிவேடு ஒன்றே. அதன் முதற்பக்கத்தைப் பாருங்கள். பெயர், தந்தை பெயர், சொந்த ஊர், பிறந்த தேதி, உயரம், அங்க அடையாளம், இடக்கை விரல் ரேகை எல்லாம் அங்கே இருக்கின்றன. அதனுடன் சேமநிதிக்கு வாரிசு நியமித்த தாள், பாஸ் பெறுவதற்காகக் குடும்பத்தினர் பெயரையும் வயதையும் அறிவித்த தாள், ஓய்வூதியத் தாள்கள் ஆகியவையும் சேர்ந்தால் ஒரு குடும்பத்தின் முப்பது நாற்பது ஆண்டுக் கதை கிடைத்துவிடும். முத்திரைகளே ஒரு சரித்திரம் சொல்லும். ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தவருடைய ஏட்டில் முதலில் பெங்கால் நாக்பூர் ரயில்வே, 1952க்குப் பின் கிழக்கு ரயில்வே, 1955 ஆகஸ்டுக்குப் பின் தென்கிழக்கு ரயில்வே என மூன்று பெயர்கள் வரும். இதை அறியாமல் ‘என் தாத்தா மூன்று கம்பெனிகளில் வேலை பார்த்தவர்’ என்று ஒரு நண்பர் பெருமையாக எழுதி வைத்திருந்தார்.

ஆனால் இந்த ஏடுகள் என்றென்றைக்கும் இருப்பவை அல்ல. குறித்த காலம் கடந்தபின் கழித்துவிடுவது அலுவலக வழக்கம். 1993ஆம் ஆண்டுப் பொது ஆவணச் சட்டம், 1892க்கு முன் உண்டான மத்திய சர்க்கார் ஆவணங்களைச் சிதைந்துபோனாலன்றி அழிக்கலாகாது என்று காப்பளிக்கிறது. நம் பாட்டனார்களோ 1892க்குப் பிற்பட்ட காகிதங்களில் இருக்கிறார்கள்! என் பாட்டனாரின் பதிவேட்டைத் தேடி ஓர் அலுவலகத்திற்குச் சென்றேன். பழைய கட்டுகளெல்லாம் எடைக்குப் போய்ப் பல ஆண்டுகள் ஆயின என்றார்கள். அவர்களை நோவதில் பயனில்லை. நானும் அத்தொழிலில் உள்ளவன்தானே. ஆகவே அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ஓய்வு பெறும் நிலையிலுள்ளவர்கள் தம் பதிவேட்டின் ஒவ்வொரு பக்கத்துக்கும் நகல் வாங்கி வீட்டில் வையுங்கள். இப்போது பணி விவரங்கள் கணினியில் ஏறிவிட்டன என்பது உண்மையே. கணினியில் உங்கள் விவரம் இருக்கும். உங்கள் தந்தையார் 1960இல் தம் கையால் இட்ட கையொப்பம் இராது.

பழைய பட்டியலொன்றின் அருமையை நம் காலனி அண்மையில் கண்கூடாகக் கண்டது. 2025 இறுதியில் மேற்கு வங்கத்தில் வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தம் தொடங்கியபோது, 2002ஆம் ஆண்டுப் பட்டியலில் தம் பெயரையோ பெற்றோர் பெயரையோ தேடி எத்தனை வீடுகளில் இரவெல்லாம் விளக்கெரிந்தது! அப்போதுதான் பலருக்குத் தம் தந்தையார் பெயர் எத்தனை விதமாக எழுதப்பட்டிருக்கிறது என்பது தெரிந்தது. தமிழனுக்குக் குடும்பப் பெயர் இல்லை. தந்தையின் முதலெழுத்தே தலைப்பெழுத்து. வடநாட்டுப் படிவமோ கடைசிப் பெயர் ஒன்று கேட்கும். எழுதுகிறவர் தந்தை பெயரைப் பின்னே போடுவார், அல்லது ஊர்ப் பெயரை, அல்லது பெயரையே இரண்டாகப் பிளந்து பாதியை. முத்துசாமி என்பவர் ஓரிடத்தில் ‘சாமி’ என்ற குடும்பத்தைச் சேர்ந்தவராகிவிடுவார். இவ்வாறு எழுதப்படக்கூடிய எல்லா வடிவங்களையும் ஒரு தாளில் முதலிலேயே எழுதி வைத்துக்கொண்டு தேட வேண்டும்.

ஊர்ப் பெயர் தொல்லையும் இவ்வாறே. எங்கள் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். பாட்டனார் காலத்தில் அது தஞ்சாவூர் ஜில்லா, மாயவரம் தாலூகா. 1982இல் மாயவரம் மயிலாடுதுறை ஆயிற்று. 1991இல் நாகப்பட்டினம் தனி மாவட்டமாகி எங்கள் ஊர் அதில் சேர்ந்தது. 2020 முதல் அது மயிலாடுதுறை மாவட்டம். ஊர் அங்குலமும் நகரவில்லை. காகிதம் மூன்று தலைநகர்களில் சிதறிக் கிடக்கிறது. பழைய ஆங்கில ஏடுகளில் தேடுவோர் டிரிச்சினாபொலி, டின்னவெல்லி, காஞ்சீவரம், செங்கல்பட்டுக்குச் சிங்கிள்புட் முதலிய வடிவங்களையும் அறிந்திருத்தல் நலம். ஊரே மறந்துபோன குடும்பங்களும் நம்மிடையே உண்டு. அவர்கள் குலதெய்வத்தின் பெயரைப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஊர் மறந்தவர்களும் முதல் மொட்டை எந்தக் கோயிலில் என்பதை மறப்பதில்லை. அக்கோயிலில் விசாரித்தால் அதே தெய்வத்தைக் கும்பிடும் பங்காளிகள் அகப்படுவார்கள்.

ஊர் கிடைத்துவிட்டால் அடுத்த படி நிலப் பத்திரம். சொத்து இல்லாதவர்க்கு இது பயன்படாது என்பது வருந்தத்தக்கதே. ஏழைகளைப் பற்றிச் சர்க்கார் ஏடுகள் என்றுமே சிக்கனமாகத்தான் பேசும். ஆனால் ஒரு குழி மனை இருந்திருந்தாலும் போதும். இப்போது கையிலுள்ள பத்திரம் தாய்ப் பத்திரத்தைக் காட்டும். அது தனக்கு முந்தியதைக் காட்டும். சார்பதிவாளர் அலுவலகத்தில் கட்டணம் செலுத்தி வில்லங்கச் சான்றும் பழைய பத்திர நகலும் பெறலாம். அண்மைக் காலத்து வில்லங்க விவரங்களைத் தமிழ்நாட்டுப் பதிவுத்துறையின் இணையதளத்தில் இங்கிருந்தே பார்க்கலாம். எல்லாவற்றிலும் சிறந்தது பாகப்பிரிவினைப் பத்திரம். அண்ணன் தம்பிகள் சண்டையிட்டுப் பிரிந்த வீட்டில்தான் எல்லோர் பெயரும் வயதும் ஒழுங்காக எழுதப்பட்டிருக்கும். ஒற்றுமையாய் வாழ்ந்த குடும்பம் வரலாற்றுக்குச் சிறிதும் உதவுவதில்லை!

இவற்றைப் படிப்பதற்குச் சிறிது பயிற்சி வேண்டும். பழைய பத்திரங்களில் தமிழ் எண்கள் இருக்கும். ௧ என்பது ககரம் போலவும் ௭ என்பது எகரம் போலவும் தோன்றும். ௵ என்றால் வருஷம், ௴ என்றால் மாதம், ௳ என்றால் நாள், ௸ என்றால் மேற்படி. நான் முதன்முதலாக ஒரு தாளைப் படித்தபோது தலைப்பிலிருந்த பிள்ளையார் சுழியை இரண்டு என்று எண்ணி, இரண்டாம் பக்கம் கையிலிருக்கிறதே, முதற்பக்கம் எங்கே என்று ஒரு வாரம் தேடினேன். நில அளவில் 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி. வேலி ஏறக்குறைய ஆறே முக்கால் ஏக்கர். மா என்பதே பின்னமாக வரும்போது இருபதில் ஒரு பங்கு, காணி எண்பதில் ஒரு பங்கு, முந்திரி முந்நூற்றிருபதில் ஒரு பங்கு. நம் பாட்டனார்கள் திண்ணைப் பள்ளியில் இவற்றை வாய்ப்பாடாக ஒப்பித்தவர்கள். 1978இல் எழுத்துச் சீர்திருத்தம் வருமுன் வழங்கிய ணை, லை, னை முதலிய எழுத்துக்களின் பழைய வடிவங்களையும் அறிய வேண்டும்.

இங்கே மனத்தை உறுத்தும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நம் வீடுகளில் தாத்தா எழுதிய கார்டுகளும் இன்லண்டு கடிதங்களும் கட்டுக்கட்டாக உள்ளன. அவற்றைப் படிக்க நம் பிள்ளைகளுக்குத் தெரியாது. இந்தி தெரியும், வங்காளம் தெரியும், ஆங்கிலம் சொல்லவே வேண்டுவதில்லை. வீட்டில் பேசுவது தமிழாயினும் எழுத்தைக் கண்டால் கோலம் என்கிறார்கள். எத்தனை ஆவணக் காப்பகங்கள் இருந்தென்ன? 2001இல் தொடங்கிய தமிழ் இணையப் பல்கலைக்கழகம், இன்று தமிழ் இணையக் கல்விக்கழகம் என்னும் பெயரில், வெளியிடங்களில் வாழ்வோர்க்குத் தமிழ் கற்பிக்கிறது. அதன் மின்னூலகத்தில் அரிய பழைய நூல்களும் உள்ளன. நம் சங்கத்தின் ஞாயிறு வகுப்பில் ஒரு மாறுதலை முன்மொழிகிறேன்: பாடப்புத்தகத்தை மூடிவிட்டு, ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டுப் பழைய கடிதம் ஒன்றைக் கொண்டுவந்து எழுத்துக் கூட்டிப் படிக்கட்டும்.

பெரிய காப்பகங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லுகிறேன். சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தின் சிவந்த கட்டடம் 1909 முதல் இயங்குவது. கும்பினியார் காலந்தொட்டு வருவாய்த்துறை ஏடுகளும், 1860களில் இனாம் நிலங்களை விசாரித்துப் பதிந்தவையும் அங்கே உண்டு. அனுமதி பெற்றுப் பார்க்க வேண்டும். 1891இல் கல்கத்தாவில் தொடங்கிப் பின்னர்ப் புது தில்லிக்குச் சென்ற தேசிய ஆவணக் காப்பகம், ‘அபிலேக் படல்’ என்னும் இணையதளத்தில் பல ஆவணங்களை வீட்டிலிருந்தே காணும்படி வைத்திருக்கிறது. காப்பகக் கலையில் பட்டயப் படிப்பும், வேறு குறுகிய காலப் பயிற்சிகளும் அங்கே நடத்துகிறார்கள். சென்னை தரமணியிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தை அவசியம் பார்க்க வேண்டும். கோட்டையூரில் ஒரு தனி மனிதர் ஆயுள் முழுதும் சேர்த்த நூல்களும் இதழ்களும் கல்யாணப் பத்திரிகைகளுங்கூட 1994 முதல் அதற்கு அடிப்படையாயின. அமெரிக்காவில் யூட்டா மாநிலத்திலுள்ள ஒரு கிறிஸ்தவ சபையாரின் ‘ஃபேமிலி சர்ச்’ என்னும் இணையதளம் கட்டணமின்றிப் பாடங்களும் ஏடுகளும் தருகிறது. ஹரித்துவாரத்துப் பண்டாக்கள் தலைமுறை தலைமுறையாக எழுதிவரும் யாத்திரிகர் வம்சாவளிச் சுருள்களையும் படமெடுத்து அதில் சேர்த்திருக்கிறார்கள். நம்மவரில் நகரத்தார் தம் ஒன்பது கோயில்களில் திருமணந்தோறும் புள்ளி பதிந்து வருகிறார்கள். கிறிஸ்தவ அன்பர்களுக்குத் தேவாலயத்து ஞானஸ்நான, திருமண, அடக்க ஏடுகளும், முஸ்லிம் அன்பர்களுக்கு ஜமாஅத்தின் நிக்காஹ் பதிவேடுகளும் இருக்கின்றன. மக்கட்தொகைக் கணக்கில் தேடலாமே என்று சிலர் கேட்பர். நபர்வாரியான தாள்களைப் பிறர் பார்வையிட 1948ஆம் ஆண்டுச் சட்டம் இடந்தருவதில்லை.

குடும்ப வரலாறு எழுதப் புகும் பலர் நேரே ராஜராஜ சோழனிடம் போய் நிற்கிறார்கள். அச்சிட்ட குலப்பெருமைப் புத்தகங்கள் அதற்கு உதவவும் செய்கின்றன. எல்லோரும் சோழ வம்சமானால் காவிரிக் கரையில் உழுதவர் யார், நெய்தவர் யார், பறையடித்தவர் யார்? மகாமகோபாத்தியாய சாமிநாதையர் 1940இல் ஆனந்த விகடனில் ‘என் சரித்திரம்’ எழுதத் தொடங்கியபோது தம் சிற்றூராகிய உத்தமதானபுரத்திலிருந்தே தொடங்கினார். பாட்டனாரின் கடன், தந்தையாரின் ஊர்மாற்றம் எதையும் ஒளிக்கவில்லை. அது நமக்கு நல்ல வழிகாட்டி.

ஒளிக்காமை எளிதன்று என்பதை நான் உணர்ந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். பாட்டனார் வேலையிற் சேர்ந்த தேதி கிடைத்த மகிழ்ச்சியில், அந்தக் காலத்துக் கரக்பூர் எப்படியிருந்தது என்று அறிய ஒரு பழைய தொழிற்சங்க வரலாற்று நூலைப் புரட்டினேன். பெங்கால் நாக்பூர் ரயில்வேயில் 1936 டிசம்பரில் தொடங்கி 1937 பிப்ரவரி வரை பெரிய வேலை நிறுத்தம் நடந்திருக்கிறது. பின்னாளில் குடியரசுத் தலைவரான வி. வி. கிரி அத்தொழிலாளர் சங்கத்தை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர். ஆயிரக்கணக்கானோர் கூலியின்றி வெளியே நின்ற அந்தத் தை மாதத்தில், என் பாட்டனார் உள்ளே சென்று கையெழுத்திட்டிருக்கிறார். பஞ்சத்தில் அடிபட்டு வந்தவர்கள் என்று பெருமிதத்தோடு சொல்லி வந்த குடும்பத்துக்கு இது எப்படியிருக்கும்? 1974 மே மாத வேலை நிறுத்தத்தில் கலந்துகொண்டு, அந்நாட்களை இன்றும் கதைகதையாகச் சொல்லும் என் தந்தையாரிடம் இதைச் சொன்னேன். இரண்டு நாள் அவர் என்னோடு பேசவில்லை.

மூன்றாம் நாள் அவரே தொடங்கினார். இருபது வயது, கையில் காசில்லை, கூடவே பதினாறு வயதில் ஒரு மனைவி. தண்டவாளத்துக்கு வெளியே நின்றவர்கள் யார், எதற்கு நின்றார்கள் என்று கேட்டு அறிய மொழியும் தெரியாது. இவ்வளவும் தந்தையார் சொன்ன சமாதானம். நான் மறுக்கவுமில்லை, ஒப்பவுமில்லை. ஆனால் அன்று முதல் அவர் வாய் திறந்தார். கைபேசியை மேசைமேல் வைத்து ஒலிப்பதிவு செய்யத் தொடங்கினேன். முதியோரிடம் ஆண்டைக் கேட்டால் குழம்புவர். நிகழ்ச்சியைக் கேட்க வேண்டும். நயா பைசா வருமுன்னா, பின்னா? அரியலூர் ரயில் விபத்துச் செய்தி வந்தபோது எந்த குவார்ட்டர்ஸில் இருந்தீர்கள்? தனுஷ்கோடிப் புயலின்போது தங்கை பிறந்தாயிற்றா? இவற்றுக்கு முறையே 1957, 1956, 1964 என்று நாம் ஆண்டு போட்டுக்கொள்ளலாம்.

அவ்வாறு பேசிக்கொண்டிருந்த ஒரு மாலையில் பெட்டியை மீண்டும் கிளறினோம். பத்திரங்கள், சான்றிதழ், ரேஷன் அட்டை, அண்ணன் தம்பி கடிதங்கள் ஆகிய அனைத்திலும் பாட்டனார் பெயர் அறுபது எழுபது இடங்களில் வருகிறது. பாட்டியார் பெயர் வருவது ஒரே இடத்தில்: குடும்ப ஓய்வூதியத் தாளில். எழுத்தறியாதவராதலால் இடக்கைப் பெருவிரல் ரேகை. எதிரே, வலப் புருவத்தின்மேல் ஒரு தழும்பு என்று அங்க அடையாளம். பதினெட்டு வயதுவரை அவர் மடியிலும் தோளிலும் வளர்ந்த எனக்கு அந்தத் தழும்பு நினைவில் இல்லை. தந்தையாருக்கு இருந்தது. ஊரில் நெல் குத்தும்போது உலக்கைப் பூண் பட்டதாம்.

குடும்பக் குறிப்பேட்டில் நான் இப்படி எழுதினேன்: “தாது வருஷம் தை மாதம், 1937 ஜனவரி 18, வேலை நிறுத்தம் நடந்துகொண்டிருந்தபோது வேலையிற் சேர்ந்தார்.” தந்தையார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு முறை படித்தார். பேனாவை வாங்கி, ‘சேர்ந்தார்’ என்பதற்கு மேல் இருந்த சிறு இடைவெளியில் பாட்டியாரின் பெயரை எழுதி, “உடன் வந்தவர்” என்று சேர்த்தார்.